கையிருப்பில் இல்லை

ஒசஹட்டியிலிருந்து ஐந்தே முக்கால் பஸ்.
மடியில் ஃபிளாஸ்க், உள்ளே ஒன்றுமில்லை.
திரும்பும்போது இன்சுலின் இருக்க வேண்டும்,
குன்னூர் மார்க்கெட் மீன்காரர் தரும்
ஒரு கைப்பிடி ஐஸோடு.
தேயிலைமேல் உறைபனி பூக்கிற தை மாதத்தில்
இந்த மலையில் ஐஸ் தேடி அலைகிற ஆள்
நீங்கள் ஒருத்தர்தான் என்பார்.
மாதாமாதம் அதே சிரிப்பு.

வெலிங்டனில் இறங்கினால்
பயிற்சிப் பையன்கள் மூடுபனியை
மிதித்து மிதித்துப் போய்க்கொண்டிருப்பார்கள்.
அவர்கள் தாளத்துக்கு நடக்கக் கூடாது என்று பார்ப்பேன்.
கால் கேட்காது.

டோக்கன் முப்பத்தேழு.
விரலை வை என்றது இயந்திரம்.
துடைத்துவிட்டு வை என்றார் பக்கத்தில் இருந்தவர்.
ஓய்வுக்குப் பிறகு பதினாறு வருஷம்
அரை ஏக்கர் கொழுந்து கிள்ளிய கட்டைவிரல்.
ரேகை இருந்த இடத்தில் இப்போது கறை.
மூன்று முறை சிவப்பு விளக்கு:
நான் நானில்லை.
நாலாவது முறை, நடுவிரலில்,
சரி போ, நீதான் என்றது.

டாக்டர் புதியவர்.
போன மாதம் பழையவர் எழுதியதைப் பார்த்து
அப்படியே எழுதினார், கையெழுத்து மட்டும் வேறு.

சன்னலுக்குள் பிரின்சி, கம்பளித் தொப்பியோடு.
"அங்கிள், முப்பது நாளைக்குக் குடுத்திருக்கு.
இன்னைக்கு இருபத்தொம்பதுதான் ஆகுது.
மாத்திரை நாளைக்குத்தான் ஏறும்."
நாளைக்கு ஞாயிறு.
திங்கள் குடியரசு தினம்.
அன்றைக்கு எங்களுக்குச் சால்வை போடப் போகிறார்கள்;
அழைப்பு வந்திருக்கிறது, இரண்டாம் வரிசை, ஒன்பதாம் நாற்காலி.

"சக்கரைக்கு லீவு உண்டான்னு கேளு!"
என்றார் பின்னாலிருந்து சுபேதார் லூர்துராஜ்.
எழுபத்தொன்றில் வெடித்த ஒரு குண்டு
அவர் காதை எடுத்துக்கொண்டு போனது.
அன்றிலிருந்து அவர் மெதுவாகச் சொன்னாலும்
ஒரு பட்டாலியன் திரும்பிப் பார்க்கும்.

"இன்சுலின்?"
பிரின்சி பதில் சொல்லவில்லை.
சீட்டில் ஊதா முத்திரை குத்தினாள்:
கையிருப்பில் இல்லை.
வெளியே வாங்கலாம். பில் அசல், நகல் மூன்று,
காலிப் பெட்டி, டாக்டர் கையெழுத்து;
பணம் வரும், எப்போது என்று
அவளுக்கும் தெரியாது, பாவம்.

முத்திரை இன்னும் ஈரமாக இருந்தது.
எனக்கு அந்த ஊதாவைத் தெரியும்.

லேயில், ஸ்டோர் கூடாரத்தில்,
ஹவில்தார் பெள்ளிராஜ் என்று ஒருவன் இருந்தான்.
இண்டென்ட் இரண்டு பிரதியில் கேட்பான்.
மேலே போகிற கூட்டத்தில் ஒரு பையன்,
ஹேமந்த கோகோய், ஒன்பதாம் அளவு பனி பூட்ஸ்.
அலமாரியில் நான்கு ஜோடி இருந்தன,
ஆய்வுக்கு வருகிற ஜெனரல் எண்ணிப் பார்ப்பதற்காக.
நான் முத்திரையை ஊதி ஊதிக் காயவைத்துத் தந்தேன்.
எட்டாம் அளவில், உள்ளே ஒரே ஒரு காலுறையோடு
அவன் ஏறிப் போனான்.
ஜெனரல் வரவில்லை.
கோகோயின் விரல்களைப் பற்றி
யாரும் எனக்கு எழுதவில்லை.
நானும் கேட்கவில்லை.

அதனால் பிரின்சியிடம்
சரி அம்மா என்று மட்டும் சொன்னேன்.
லூர்துராஜுக்கு அது பிடிக்கவில்லை.
என் பங்கையும் சேர்த்து அவரே கத்தினார்.

குன்னூரில் மூன்று மருந்துக் கடைகள்.
ஒன்றில் இருந்தது; பையில் பணம் பாதிக்குத்தான்.
மார்க்கெட் வழியாக வந்தேன்.
சொல்வதற்குள் மீன்காரர் ஃபிளாஸ்க்கை வாங்கி
ஐஸைக் கொட்டி மூடிவிட்டார்.
வேண்டாம் என்று எப்படிச் சொல்வது.

கொண்டை ஊசி வளைவுகளில்
மடிக்குள் அது முட்டிக்கொண்டே வந்தது.
"மருந்து கெடச்சுதா?" என்றார் கண்டக்டர்.
ஃபிளாஸ்க்கை ஆட்டிக் காட்டினேன்.
சத்தம் கேட்டது.
திருப்தியாக விசில் ஊதினார்.